அடுத்து என்னா வாட்ச்?

இந்த மாதப் பாடம் நாம் கையில் கட்டுகிற ஒரு சின்னப் பொருளைப் பற்றியது. பாடம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் தலைகுனிந்து நின்ற கதையும் இதில் இருக்கிறது. அதற்காகவாவது படியுங்கள்.

ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் நாங்கள் எட்டுப் பேர் கூடுவோம். தே தாரேக்கும் ரொட்டி சானாயும் சொல்லிவிட்டு, மேசையைத் துடைத்து, ஒரு வெள்ளை ‘குட் மார்னிங்’ துண்டை விரிப்போம். அவரவர் வாட்சைக் கழற்றி அதன்மேல் வைப்போம். பிறகு இரண்டே கேள்விகள்தான் சுற்றி வரும். “இன்னிக்கு என்னா கட்டிட்டு வந்தீங்க?” “அடுத்து என்னா?” முதல் கேள்விக்கு ஒரு மணி நேரம், இரண்டாவது கேள்விக்கு இரண்டு மணி நேரம். தட்டு எடுக்க வந்த தம்பி ஒருநாள், “அண்ணே, இங்க கடை ஏதும் போட்டுருக்கீங்களா?” என்றே கேட்டுவிட்டான்.

அந்தத் துண்டின் மேல் என்னென்ன இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் அக்கா எப்போதும் கட்டி வருவது கேஸியோ எஃப்-91டபிள்யூ. உங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் கட்டியிருப்பீர்கள். 1989-ல் வந்த வாட்ச், இன்றும் அப்படியே விற்கிறது. எடை 21 கிராம். ஒரு பேட்டரி போட்டால் ஏழு வருடம் ஓடும் என்கிறது கம்பெனி. மாதத்துக்கு முப்பது வினாடிக்குள்தான் முன்பின் போகும். எங்கள் எட்டுப் பேரின் காலைச் சாப்பாட்டு பில்லும் அதன் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். “எனக்கு இதுவே போதும், ஆனா உங்களோடத பார்க்கப் பிடிக்கும்,” என்பார் அக்கா. எங்கள் கூட்டத்தில் உண்மையான ரசிகர் அவர்தான் என்பது என் கருத்து.

ஏர்கோன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் ஜி-ஷாக் தவிர வேறு எதையும் தொடமாட்டார். கூரைமேல் ஏறி இறங்குகிறவருக்கு அதுதான் சரி. அந்த வாட்சின் கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். ஜப்பானில் கேஸியோ நிறுவனத்தில் கிகுவோ இபே என்று ஒரு பொறியாளர். அவருடைய அப்பா கொடுத்த வாட்ச் கைதவறி விழுந்து உடைந்துபோனது. உடையாத வாட்ச் ஒன்று செய்தே தீரவேண்டும் என்று உட்கார்ந்தார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், பத்து பார் நீர் அழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி பத்து வருடம் வரவேண்டும். சுமார் இருநூறு மாதிரிகள் செய்து பார்த்தும் உள்ளே ஏதாவது ஒரு பாகம் உடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் பூங்காவில் ஒரு குழந்தை பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தார். பந்தின் நடுவில் வாட்சின் இயந்திரம் மிதந்துகொண்டிருந்தால் அடி உள்ளே போகாதே என்று தோன்றியது. 1983 ஏப்ரலில் முதல் ஜி-ஷாக் வெளிவந்தது. அண்ணன் இதைச் சொல்லி முடித்ததும் தன் வாட்சைத் தரையில் ஒருமுறை போட்டுக் காட்டுவார். நாங்கள் வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கொண்டுவருவது அவருடைய அப்பாவின் வாட்ச். தினமும் கையால் சாவி கொடுக்கவேண்டிய பழைய சுவிஸ் வாட்ச், முகம் மஞ்சள் பூத்துவிட்டது. அப்பா பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடித்தால் எழுந்திருப்பது, மணி அடித்தால் வேலைக்குப் போவது. நேரம் என்பது துரைக்கும் கிராணியாருக்கும் சொந்தமான பொருள். லயத்தில் ஒருவர் சொந்தமாக வாட்ச் கட்டினால், நேரத்தை அவரே பார்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம். ஐயா சொன்ன இன்னொன்றும் எனக்கு மறக்காது. 1982 ஜனவரி முதல் தேதி பிறந்தபோது, சபா சரவாக்கோடு ஒத்துப்போவதற்காகத் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். சிங்கப்பூரும் அப்படியே மாற்றிக்கொண்டது. ஐயாவின் அப்பா மட்டும் மாற்றவில்லையாம். “என் அரை மணி நேரத்த எவன் எடுத்துட்டுப் போனான்?” என்று கேட்டுக்கொண்டே, பல மாதம் அந்த வாட்சைப் பழைய மணியில் ஓட்டினாராம். வீட்டில் யாராவது நேரம் கேட்டால், “பழைய மணியா, புது மணியா?” என்பாராம்.

என் பங்குக்கு ஒரு சீக்கோ 5. முதல் சம்பளத்தில் வாங்கியது. 1963-ல் இந்த வரிசை தொடங்கியபோது, ஐந்து அம்சம் இருக்கும் என்று வாக்குக் கொடுத்ததால் அந்தப் பெயர். கை அசைவில் தானே சாவி ஏறும். கிழமையும் தேதியும் ஒரே சன்னலில் தெரியும். தண்ணீர் தாங்கும். திருகு நான்கு மணிப் பக்கம் உள்ளடங்கி இருக்கும், கையைக் குத்தாது. கூடும் சங்கிலியும் உறுதியாக இருக்கும். என் வாட்சைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் மூவ்மெண்ட் மலேசியா என்று பொறித்திருக்கும். வாங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். ஜப்பான் பெயர் போட்ட வாட்சுக்குள் இயங்குவது நம் நாட்டில் செய்த இயந்திரம்! அன்று அதைப் பத்துப் பேருக்காவது காட்டியிருப்பேன்.

கடைசியாக வங்கி அண்ணன். அவரிடம் ஒரு சுவிஸ் டைவர் வாட்ச். விலையை அவராகச் சொல்லமாட்டார், நாங்கள்தான் சொல்லவைப்போம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. மேசையில் இருப்பவற்றில் மிகச் சரியாக நேரம் காட்டுவது எது? டீச்சர் அக்காவின் கேஸியோதான். என் சீக்கோ ஒரு நாளைக்குப் பதினைந்து வினாடி முந்தும். இயந்திர வாட்சுகளில் சிறப்புச் சான்றிதழ் தரும் சுவிஸ் அமைப்பே நாளொன்றுக்கு நான்கு வினாடி பிந்துவதையும் ஆறு வினாடி முந்துவதையும் ஏற்றுக்கொள்கிறது. அக்காவின் வாட்ச் நாளுக்கு ஒரு வினாடிக்கு மேல் தவறாது.

காரணம் இதுதான். குவார்ட்ஸ் வாட்சுக்குள் ஒரு சிறு படிகம் இருக்கிறது. பேட்டரியின் மின்சாரம் பட்டதும் அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு வினாடி. என் சீக்கோவில் அந்தப் படிகம் கிடையாது. சுருள்வில் ஒன்று மெல்ல அவிழ, பல்சக்கரங்கள் சுழல, ஒரு சிறு சக்கரம் முன்னும் பின்னும் ஆடி வினாடிக்கு ஆறு முறை ‘டிக்’ என்கிறது. ஆறு எங்கே, 32,768 எங்கே?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு நாளில் 86,400 வினாடி. அதில் பதினைந்து வினாடி தவறினால், நூற்றுக்கு 99.98 மதிப்பெண். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. வெறும் உலோகத் துண்டுகள் என் கை அசைவை மட்டும் சாப்பிட்டு அந்த மதிப்பெண் வாங்குகின்றன. எஸ்.பி.எம்.மில் எனக்கு அப்படி எந்தப் பாடத்திலும் வந்ததில்லை.

1969 டிசம்பர் 25-ல் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 450,000 யென், அன்று ஒரு சிறிய கார் வாங்கலாம். பிறகு விலை மளமளவென்று இறங்கியது. சுவிட்சர்லாந்தில் வாட்ச் தொழிலில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வேலை இழந்தார்கள். நேரம் பார்ப்பதற்கு இயந்திர வாட்ச் தேவையில்லை என்று அன்றே முடிவாகிவிட்டது. ஆக, இன்று ஒருவர் ஆயிரக்கணக்கில் கொடுத்து அதை வாங்குகிறார் என்றால் நேரம் பார்க்க வாங்கவில்லை. வேறு எதற்கோ வாங்குகிறார். அந்த ‘வேறு எதற்கோ’ என்ன என்று எங்கள் மேசையில் யாரும் கேட்டதே இல்லை. அங்கேதான் கோளாறு.

‘அடுத்து என்னா’ கேள்விக்கு வருவோம். ஆளுக்கு ஒரு கனவு. நான் நம் நாட்டு மிங் வாட்ச் பற்றிப் பேசுவேன். கோலாலம்பூர்ப் புகைப்படக் கலைஞர் மிங் தெய்ன் நண்பர்களோடு சேர்ந்து 2017-ல் தொடங்கியது. வடிவமைப்பு இங்கே, தயாரிப்பு சுவிட்சர்லாந்தில். 2019-ல் ஜெனிவாவின் பெரிய வாட்ச் விருது விழாவில், புதிய நிறுவனங்களுக்கான பரிசை வாங்கியபோது நான் ஏதோ என் தம்பி பரிசு வாங்கியது போலக் குதித்தேன். இன்னொருவர் நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் பற்றிப் பேசுவார். 2022 மார்ச்சில் அதே உருவத்தில் ஸ்வாட்ச் கம்பெனி மூன்ஸ்வாட்ச் என்று பதினொரு வண்ணங்களில் விட்டபோது, சிங்கப்பூர் உட்படப் பல நகரங்களில் கூட்டம் அலைமோதியது. வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அது உண்மையிலேயே வேண்டியிருந்தது, எத்தனை பேருக்குப் பக்கத்தில் நின்றவர் வேண்டியதால் வேண்டியிருந்தது?

எங்கள் கூட்டத்துக்கு இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவன் வர ஆரம்பித்தான். போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை, சம்பளம் 2,100 ரிங்கிட். எஸ்.பி.எம். தேறியதற்கு அவன் அம்மா வாங்கிக் கொடுத்த சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் ஒன்றைக் கட்டியிருந்தான். தோல்பட்டை வியர்வையில் கறுத்திருந்தது. துண்டின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் அதை வைப்பான். ஒவ்வொரு மாதமும் சுற்று வரும்போது, “அடுத்து என்னா தம்பி?” என்று கேட்போம். “பார்க்கணும்ணே,” என்பான்.

ஒரு ஞாயிறு, வங்கி அண்ணன் தன் சுவிஸ் டைவரை அவன் கையில் கட்டிப் பார்க்கச் சொன்னார். கட்டினான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் சொன்னேன்: “உன் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. யோசிக்காத தம்பி, எடுத்துரு. சம்பாதிக்கிறது எதுக்கு?” எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நிமிடமே நான் அதை மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் துண்டின் நடுவில் ஒரு புது வாட்சை வைத்தான். 7,400 ரிங்கிட். நாங்கள் கைதட்டினோம். அவன் தே தாரேக் காசை அன்று நான்தான் கொடுத்தேன். எப்படி வாங்கினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. சங்கிலியில் எத்தனை கண்ணி எடுத்தாய், ஒளிப்பூச்சு என்ன நிறம் என்றெல்லாம் கேட்டோம்.

அதன்பின் அவன் வரவில்லை. ஐந்தாவது மாதம் வீடு தேடிப் போனேன். அவன் இல்லை, அம்மாதான் இருந்தார். ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் துப்புரவு வேலை செய்பவர். தூங்கி எழுந்த முகம். உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார். பாதிப் பணம் கிரெடிட் கார்டில், மீதி ‘இப்போ வாங்கு, பிறகு கட்டு’ தவணையில். படிப்புக் கடன் வேறு. நான்காவது மாதத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்ட முடியாமல் போய், வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாட்சை 4,900-க்கு விற்றிருக்கிறான். மீதிக் கடன் அப்படியே நிற்கிறது. பஸ் பிடித்து வேலைக்குப் போகிறான், காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறான்.

“இவனுக்கு வாட்ச் ஆசையே கிடையாது தம்பி. யாரு வாங்கச் சொன்னாங்கன்னு தெரியல,” என்றார்.

ஏதாவது சொல்லி நழுவிவிடலாம் என்று நினைத்தது உண்மை. பிறகு, “நான்தான்மா சொன்னேன்,” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த கூட்டத்தில் இதை எல்லாரிடமும் சொன்னேன். வங்கி அண்ணன் முகம் செத்துப்போனது. அவன் பெரியவன், சொந்தப் புத்தியில்தானே வாங்கினான் என்று ஏர்கோன் அண்ணன் சொல்லிப் பார்த்தார். அதுவும் பொய்யில்லை. ஆனால் ஐயா விடவில்லை. “மாசாமாசம் ஒரு புள்ளகிட்ட ‘அடுத்து என்னா’ன்னு கேட்டா, இருக்கிறது பத்தலன்னுதானே அவன் காதுல விழும்?” என்றார். அவன் கட்டி வந்த அந்த அம்மா வாட்சைப் பற்றி எங்களில் யாராவது ஒரு கேள்வி கேட்டோமா என்று டீச்சர் அக்கா கேட்டார். இல்லை. அது என்ன பிராண்டு என்றுகூட எங்களுக்கு நினைவில்லை.

அன்றைக்குத்தான் 555 புத்தகம் வந்தது. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகம்தான். ஆளுக்கு ஒரு பக்கம். எது வேணுமோ அதை எழுது, தேதி போடு, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுது. ஒரு வருடத்துக்கு முன்னால் வாங்கக்கூடாது. யாரும் யாரிடமும் ‘எடுத்துரு’ என்று சொல்லக்கூடாது. விலையை வாட்சைக் கொண்டுவந்தவர் சொன்னால்தான் உண்டு. இந்த ‘ஏன்’ என்ற ஒரு வரி இருக்கிறதே, அது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். என் பக்கத்தில் முதல் மாதமே பதினொரு வாட்ச். ஏழுக்கு ‘ஏன்’ எழுத முடியவில்லை. ஒன்றுக்கு உண்மையை எழுதினேன்: ‘வங்கி அண்ணனிடம் இருப்பதால்.’ வருடம் முடிந்தபோது இரண்டுதான் அடிபடாமல் மிஞ்சின.

நீங்கள் நண்பர்களோடு வாட்ச் பார்ப்பவர்கள் என்றால், வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முப்பது மீட்டர் என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருள் இல்லை. கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். நீர்வீழ்ச்சிக்குப் போகும்போது கழற்றி வையுங்கள். நீச்சலுக்கு நூறு மீட்டராவது வேண்டும். நம் ஊர் வெயிலுக்குத் தோல்பட்டை சீக்கிரம் நாறிவிடும், நைலானோ ரப்பரோ உத்தமம். ஓடாத குவார்ட்ஸ் வாட்சை டிராயரில் போட்டு வைத்திருந்தால் இன்றே பேட்டரியை எடுத்துவிடுங்கள், கசிந்தால் உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும். இயந்திர வாட்ச் வாங்கினால் வாங்கிய விலையோடு செலவு முடிவதில்லை, சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் போட வேண்டும். சுவிஸ் என்றால் அந்தக் கூலிக்கே நல்ல சீக்கோ ஒன்று வரும். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் எண்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ‘ரோலெக்ஸ்’ பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஒருமுறை என் சீக்கோ திடீரென்று நாளுக்கு ஐந்து நிமிடம் முந்த ஆரம்பித்தது. கதை முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் ஊர்க் கடைவீதியில், ஐந்தடி நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு சீன அங்கிள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு திசைகாட்டியை வாட்சின் பக்கத்தில் வைத்தார். முள் ஆடியது. “போன் பக்கத்துல வெச்சு தூங்குறியா?” என்று மலாயில் கேட்டார். ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் வாட்சுக்குள் இருக்கும் மெல்லிய சுருளில் ஏறிவிடும். சுருளின் வளையங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் சக்கரம் வேகமாக ஆடும். ஒரு சிறு பெட்டியின் மேல் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டே வினாடி. பத்து ரிங்கிட். அன்றிலிருந்து எங்கள் மேசையில் போன் வைக்கத் தடை. அதனால் பேச்சும் கூடிவிட்டது.

தம்பி எட்டு மாதம் கழித்து வந்தான். நானும் வங்கி அண்ணனும் கடனில் ஒரு பகுதியைக் கட்டுகிறோம் என்றோம், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஓவர்டைம் செய்து அவனே கட்டிக்கொண்டிருக்கிறான், இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி. கையில் அம்மா கொடுத்த அதே வாட்ச். பேட்டரி தீர்ந்து கிடந்ததை அங்கிளிடம் கொடுத்துப் புது பேட்டரியும் பட்டையும் போட்டிருக்கிறான், இருபத்தைந்து ரிங்கிட். இந்த முறை அதைத் துண்டின் நடுவில் வைத்தோம். டீச்சர் அக்கா எடுத்துப் பின்பக்கம் பார்த்தார். அவன் அம்மா கடைக்காரரிடம் சொல்லி, அவன் பரீட்சை முடிவு வந்த தேதியைச் சின்னதாகப் பொறித்து வாங்கியிருக்கிறார். இத்தனை மாதம் எங்கள் முன்னால் கிடந்த வாட்ச் அது.

555 புத்தகத்தில் அவனுக்கும் ஒரு பக்கம் கொடுத்தோம். ஒரே ஒரு வரி எழுதினான். பெயர் இல்லை. ‘அம்மாவுக்கு. எண் பெரிதாக இருக்கணும். வார்டில் விளக்கு அணைச்ச பிறகும் தெரியணும்.’

போன ஞாயிறு முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. சூரிய ஒளியில் ஓடும் சிட்டிஸன் போதும், பேட்டரி மாற்ற அலைய வேண்டாம் என்கிறார் வங்கி அண்ணன். இரவு முழுதும் வேலை செய்து பகலில் தூங்குகிறவருக்கு வெயில் எங்கே கிடைக்கும் என்று ஐயா மடக்குகிறார். வார்டு விளக்கிலேயே ஏறும் என்று பதில் வருகிறது. கை கழுவிக்கொண்டே இருக்கும் வேலை, அதனால் பட்டை ரப்பராக இருக்கணும் என்பது அக்கா. ஏர்கோன் அண்ணன் சிறிய ஜி-ஷாக் என்று ஆரம்பித்தார், நாங்கள் பேசவிடவில்லை. தம்பி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான். வாங்க இன்னும் பத்து மாதம் இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் ஆசிரியருக்கு எழுதுங்கள், அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுகிறேன்.